மூன்றாவது ஸ்கிரீன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெருநிறுவனங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். பல நாடுகளில் வணிகம் செய்யும் நிறுவனம். மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் சேவை எங்களுடையது. போன வருடம் எங்கள் டீமுக்கு ஒரு வேலை வந்தது. சந்தாவை ரத்து செய்பவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ரத்து செய்யும் வழியில் கொஞ்சம் ‘ஃபிரிக்‌ஷன்’ சேர்த்தோம். இரண்டு ஸ்கிரீனில் முடிந்தது ஆறு ஸ்கிரீன் ஆயிற்று. ‘தொடர்கிறேன்’ என்ற பட்டன் பெரிதாக, நல்ல நிறத்தில். ‘ரத்து செய்’ என்பது சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில். டெஸ்டில் ‘ரிடென்ஷன்’, அதாவது ரத்தாகாமல் நீடிக்கும் சந்தாக்களின் விகிதம், நன்றாக ஏறியது. டீமுக்குப் பாராட்டு, எனக்குப் பதவி உயர்வு.

இரண்டு மாதம் முன்பு வாடிக்கையாளர் சேவைக்கு வந்த அழைப்புகளின் பதிவுகளைக் கேட்க நேர்ந்தது. ஒரு வயதான அம்மா. கணவர் இறந்துவிட்டார். அவர் பெயரில் இருந்த சந்தாவை நிறுத்தத் தெரியாமல் ஏழு மாதமாகப் பணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் கோபப்படவே இல்லை. “எனக்குத்தான் தெரியலை போல, மன்னிச்சுக்குங்க” என்றார். அந்த ஆறு ஸ்கிரீன்களில் மூன்றாவது நான் எழுதியது.

மேனேஜரிடம் பேசினேன். சட்டக்குழு பார்த்து ஒப்புதல் கொடுத்ததுதான், எல்லா நிறுவனங்களும் செய்வதுதான் என்றார். எங்கள் நிறுவனத்தில் ஆண்டுதோறும் நன்னெறிப் பயிற்சி உண்டு. அதில் நான் நூற்றுக்கு நூறு. பல்லாயிரம் பேரில் நான் ஒருவன், நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார். இருந்தாலும் அந்தக் குரல் போகமாட்டேன் என்கிறது. இதில் என் பொறுப்பு எவ்வளவு? வேலையை விடுவதுதான் ஒரே வழியா?

(பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் பத்தியில் ஃபிரிக்‌ஷன், ரிடென்ஷன் என்று எழுதுகிறீர்கள். அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை. கணவர், ஏழு மாதம், பணம், மன்னிப்பு. இரண்டு பத்திகளிலும் சொல்லப்படுவது ஒரே காரியம்தான். முதல் பத்தியின் மொழியில் அதை அந்த அம்மாவிடம் உங்களால் சொல்ல முடியாது. ‘நீங்கள் வெளியே போகும் வழி எளிதில் கண்ணில் படாதபடி செய்தோம், அதனால் எங்களுக்கு வருமானம் கூடியது’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தீமை செய்யவேண்டும் என்று யாரும் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்புவதில்லை. பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுப்பவர்கள்தான் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே புழங்கும் சொற்கள் எதிலும் மனிதர் இல்லை. மனிதர் இல்லாத இடத்தில் யாருக்கும் தீங்கு நேர்வதாகத் தோன்றுவதில்லை. ஒரு வரைபடம் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் மேனேஜர் சொன்ன இரண்டு காரணங்களுக்கும் ஒரே உதாரணம் போதும். 2023 ஜூனில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. பிரைம் சந்தாவில் மக்களை அவர்கள் அறியாமலே சேர்த்ததாகவும், ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்கியதாகவும் குற்றச்சாட்டு. ரத்து செய்யும் அந்த நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் ஒரு பெயர் இருந்தது என்று வழக்கு மனு சொல்கிறது: இலியட். டிராய் போரைப் பாடும் பழைய கிரேக்கப் பெருங்காவியத்தின் பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவருக்கு, தாங்கள் கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு நீளமானது என்று தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2025 செப்டம்பரில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலர் தர உடன்பட்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பக் கொடுப்பதற்கு. அங்கே சட்டக்குழு இல்லாமலா இருந்திருக்கும்? எல்லோரும் செய்வது என்பதும் சட்டக்குழு பார்த்தது என்பதும் ஒரு காரியம் சரியானது என்பதற்குச் சான்றுகள் அல்ல. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு மட்டுமே அவற்றில் இருக்கிறது.

நன்னெறிப் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பயிற்சிகளில் பெரும்பாலும் கேட்பது என்ன? பரிசு வாங்கலாமா, உறவினருக்கு ஒப்பந்தம் கொடுக்கலாமா, பாஸ்வேர்டைப் பகிரலாமா. நிறுவனத்துக்கு ஊழியர் செய்யக்கூடிய தவறுகள் அவை. வெளியே இருப்பவருக்கு நிறுவனம் என்ன செய்கிறது என்ற கேள்வி அதில் வருவதில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய நீங்கள் அந்த மூன்றாவது ஸ்கிரீனையும் எழுத முடிந்தது இதனால்தான்.

சரி, பொறுப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகனின் டீசல் கார் மோசடி வெளியே வந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். பரிசோதனைக் கூடத்தில் ஓடுகிறோமா சாலையில் ஓடுகிறோமா என்பதை ஸ்டீயரிங்கின் அசைவு போன்ற குறிப்புகளை வைத்து ஒரு மென்பொருள் கண்டுபிடித்துக்கொள்ளும். பரிசோதனை என்றால் புகையைக் கட்டுப்படுத்தும், சாலை என்றால் விட்டுவிடும். அந்த ஏற்பாட்டில் பங்குகொண்ட பொறியாளர் ஒருவருக்கு 2017ல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பெரிய முடிவுகளை எடுக்கும் இடத்தில் அவர் இல்லை. அவருக்கு மேலே பலர் இருந்தார்கள். உங்களுடையதும் அவருடையதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வேலையை ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் பொறுப்பும் ஆறில் ஒன்றாகிவிடும் என்று நம்மையறியாமல் நினைத்துக்கொள்கிறோமே, அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். அந்த அம்மா ஆறு ஸ்கிரீனையும் தாண்ட வேண்டியிருந்தது. மூன்றாவதில் அவர் திரும்பிப் போயிருந்தால் மற்ற ஐந்தும் அங்கே இல்லாதது போலத்தான்.

‘நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார்.’ இந்த வாக்கியத்தைப் பற்றி நீண்டகாலமாக யோசித்திருக்கிறேன். அது எழும்போதெல்லாம் எனக்கு கரோலின் ஹன்டர் நினைவுக்கு வருகிறார்.

1970ல் அவர் போலராய்டு நிறுவனத்தில் வேதியியலாளர். இருபதுகளில் இருந்த கறுப்பினப் பெண். உடன் வேலை செய்த புகைப்படக் கலைஞர் கென் வில்லியம்ஸோடு ஒரு நாள் வெளியே கிளம்பும்போது, அலுவலகத்தில் ஒரு மாதிரி அடையாள அட்டையைப் பார்க்கிறார். அதில் தென்னாப்பிரிக்கக் குடியரசு, சுரங்கத் துறை என்று இருந்தது. அப்போது போலராய்டு என்றால் உடனடிப் புகைப்படம், குடும்ப விழா, குழந்தைகளின் சிரிப்பு. தென்னாப்பிரிக்காவில் நம் நிறுவனத்துக்கு என்ன வேலை என்று இருவரும் தேட ஆரம்பித்தார்கள். அன்று அங்கே இனவெறி ஆட்சி. கறுப்பின மக்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் சிறை. அந்தப் புத்தகத்துக்குத் தேவையான படத்தைச் சட்டென்று எடுத்துத் தரும் கருவி போலராய்டின் தயாரிப்பு.

அவர்கள் செய்த முதல் காரியம் ஒரு துண்டறிக்கை. போலராய்டு கறுப்பின மக்களை அறுபது நொடியில் சிறைப்படுத்துகிறது என்று எழுதி அலுவலகத்தில் ஒட்டினார்கள். ‘அறுபது நொடி’ என்பது நிறுவனம் தன் கேமராவைப் பற்றிப் பெருமையோடு சொல்லிக்கொண்டது. நிறுவனம் புகைப்படம் என்று சொன்னதை அவர்கள் சிறை என்று சொன்னார்கள். என் பார்வையில் மொத்தப் போராட்டமும் அந்த ஒரு சொல் மாற்றத்தில் தொடங்குகிறது.

நிறுவனம் முதலில் மறுத்தது. பிறகு தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. அரசுக்கு நேரடியாக விற்கமாட்டோம், அங்குள்ள விநியோகஸ்தரின் கறுப்பின ஊழியர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டச் செய்வோம் என்று 1971 தொடக்கத்தில் அறிவித்தது. அந்த ஆண்டே ஹன்டருக்கு வேலை போனது. அவர் விடவில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் போய்ச் சாட்சியம் அளித்தார், போலராய்டு பொருட்களைப் புறக்கணிக்கக் கோரினார். கடைசியில் 1977ல், அந்த விநியோகஸ்தர் ரகசியமாக அரசுக்கு விற்றுக்கொண்டிருந்தது செய்தித்தாளில் வெளியானது. போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. துண்டறிக்கை ஒட்டி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இனவெறி ஆட்சி முடிய இன்னும் பதினேழு ஆண்டுகள் பாக்கி.

ஹன்டர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் வேறொருவர் பார்த்திருக்கலாம். எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. தவறைச் செய்ய வேறொருவர் எப்போதும் தயாராக இருப்பார் என்பது உண்மைதான். கேள்வி கேட்க அப்படி யாரும் வரிசையில் நிற்பதில்லை.

அதே 1970 செப்டம்பரில், ஹன்டரின் துண்டறிக்கைக்குச் சில வாரங்கள் முன்னால், பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம். இன்றுவரை பெருநிறுவனங்கள் சாய்ந்துகொள்ளும் சுவர் அது. அவரும் ஏமாற்று கூடாது என்றுதான் சொன்னார், அதை மறந்துவிடுகிறார்கள். அவர் வாதத்தில் எனக்கு இடறுவது வேறு. விதிகளை வகுப்பது அரசின் வேலை, விளையாடுவது நிறுவனத்தின் வேலை என்று பிரித்தால், விதியை வகுப்பவர்களின் வாசலில் அந்த நிறுவனத்தின் ஆட்களே பணத்தோடு நிற்கும்போது என்ன செய்வது? பல நாடுகளின் வருமானத்தைவிடப் பெரிய தொகையை வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்று இருக்கின்றன. அவற்றுக்கு எந்த நாட்டின் விதி?

ஊழியர்கள் சேர்ந்து நின்று வென்றதும் உண்டு. 2018ல் கூகுள், ட்ரோன் படங்களை அலசும் மென்பொருளுக்காக அமெரிக்க ராணுவத்தோடு வைத்திருந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்றது நிறுவனம். ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைத் தரமாட்டோம் என்று கொள்கையும் வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழியைக் கொள்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கிடைத்தது கையில் நிற்கும் என்று நம்பி இறங்கவேண்டாம்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. மேனேஜரிடம் வாயால் பேசியிருக்கிறீர்கள். எழுதுங்கள். ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர், சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைச் செய்துகொடுத்த நிறுவனத்தில் இருந்தவர். மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம் தோற்றால் பேரழிவு என்று 1985 ஜூலையில் நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதினார். 1986 ஜனவரி 27 இரவு, கடுங்குளிரில் ஏவக்கூடாது என்று அவரும் சகாக்களும் வாதாடினார்கள். அந்தக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். மறுநாள் ஏவிய விண்கலம் வானில் சிதறி, உள்ளே இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் குறிப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் பின்னால் நடந்த விசாரணையில், யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்று சொல்ல முடியாமல் போனது அது இருந்ததால்தான்.

உங்கள் குறிப்பில் கோபம் தேவையில்லை, எண்கள் தேவை. நீங்கள் உள்ளே இருப்பவர், அவை உங்கள் கைக்கு எட்டும். ரத்து செய்ய வந்து பாதியில் திரும்பியவர்களில் எத்தனை பேர் பிறகு சேவையை உண்மையில் பயன்படுத்தினார்கள்? ஆறு மாதமாக ஒருமுறைகூட உள்ளே வராமல் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும் கணக்குகள் எத்தனை? உங்கள் டெஸ்ட் இதை அளந்திருக்காது. அந்தக் கணக்குகளையும் சேர்த்துத்தான் ‘ரிடென்ஷன்’ என்று பாராட்டியிருக்கிறார்கள். நிறுவனம் இதைச் செய்யாது என்று முதலிலேயே முடிவுகட்டவேண்டாம். 2020 மே மாதத்தில் நெட்ஃபிளிக்ஸ், நெடுங்காலமாக எதுவும் பார்க்காத சந்தாதாரர்களிடம் தொடர விருப்பமா என்று கேட்டு, பதில் வராவிட்டால் தானே ரத்து செய்துவிடுவதாக அறிவித்தது. சில லட்சம் கணக்குகள், மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னது. உங்கள் மேனேஜருக்குக் காட்ட நல்ல முன்னுதாரணம். இன்னொன்று, தனியாக எழுதவேண்டாம். மற்ற ஐந்து ஸ்கிரீன்களை எழுதியவர்கள் இருக்கிறார்களே, அந்த ஒலிப்பதிவை முறைப்படி அவர்களும் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். ஒருவராவது உங்களோடு சேருவார்.

வேலையை விடுவது பற்றி. இப்போது விடவேண்டாம் என்றே நினைக்கிறேன். நீங்கள் போனால் அந்தக் குரலைக் கேட்டவர் எவரும் அந்த அறையில் இருக்கமாட்டார். ஆனால் ஒரு காரியம் இன்றே செய்யுங்கள். சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இரண்டு மாதம் என்றால் அதை ஆறாக்கப் பாருங்கள், பெரிய கடன் புதிதாக வாங்காதீர்கள். முடியாது என்று சொல்ல மனம் மட்டும் போதாது, அந்த மாதங்களும் வேண்டும். நாளைக்கு இதைவிட மோசமான ஒரு வேலை உங்கள் மேஜைக்கு வந்தால், அன்று உங்களுக்குப் பதில் சொல்ல இடம் இருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்த அம்மாவுக்கு ஏழு மாதப் பணம் திரும்பக் கிடைத்ததா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அந்த அழைப்பின் எண்ணைத் தேடிப்பிடித்து, முதலில் அதை விசாரியுங்கள்.

அன்புடன்