நண்பராக அறிந்ததைச் செய்தியாக எழுதலாமா?

கேள்வி: நான் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த செய்தியாளர் ஒருவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஓராண்டாக அவருக்கு மனச்சோர்வு, குடியும் சேர்ந்துகொண்டது. போன மாதம் ஒரு செய்தியாளர் சந்திப்பில் நிலைகுலைந்து கத்தி அழுதார். யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். இப்போது மருத்துவமனையில் மனநலப் பிரிவில் இருக்கிறார். “உனக்குத்தான் அவரை நன்றாகத் தெரியும். அனுதாபத்தோடு எழுது. செய்தியாளர்களின் மன அழுத்தத்தைப் பற்றியும் பேசலாம், அவருக்கு நிதியும் சேரும்” என்கிறார் ஆசிரியர். அண்ணியும் எழுதச் சொல்லிவிட்டார். எழுதட்டுமா?
– பெயர் வேண்டாம், மதுரை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

எழுத வேண்டாம். அண்ணி சம்மதித்துவிட்டார் என்பதை வைத்தும் எழுத வேண்டாம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்; ஆசிரியரிடம் பேசும்போது உங்களுக்குப் பிடிமானமாக இருக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவரின் புகைப்படத்தையோ அவரைப் பற்றிய வேறு எந்தத் தகவலையோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது அதன் 24ஆம் பிரிவு. பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இதில் அடங்கும். சம்மதம் தர வேண்டியவர் நோயாளிதான். மனைவியோ உறவினரோ அவருக்குப் பதிலாகச் சரி என்று சொன்னால் போதாது. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில் இதே பிரிவைச் சுட்டிக்காட்டித்தான் பத்திரிகைகளை எச்சரித்தது. அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைச் செலவு கழுத்தை நெரிக்கும்போது யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பிறகு, இரவு இரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அவர் உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருப்பார். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றிருப்பார், கடன் வாங்கியதைச் சொல்லியிருப்பார், மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் குடித்ததைச் சொல்லி அழுதிருப்பார். நிருபர் என்று நினைத்து அவர் அவற்றைச் சொல்லவில்லை. தங்கை என்று நம்பிச் சொன்னார். ஓர் அமைச்சர் பேச்சுவாக்கில் ஏதாவது சொன்னால்கூட “சார், இதைப் போடலாமா?” என்று கேட்கிறோம். அமைச்சருக்குக் கொடுக்கிற அந்த மரியாதை இவருக்கும் உண்டு. மருந்தின் மயக்கத்தில் படுத்திருப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது. கேட்டு அவர் தலையாட்டினாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீடியோதான் ஊரெல்லாம் சுற்றுகிறதே, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று ஆசிரியர் கேட்கலாம். நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தில்தான். யாரோ எடுத்த வீடியோவை மக்கள் பார்ப்பார்கள், நாலு நாளில் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ‘என்னுடன் பதினைந்தாண்டு வேலை பார்த்தவர்’ என்று உங்கள் பெயரோடு அச்சில் வருவது அப்படிப் போய்விடாது. கூட இருந்தவளே எழுதியிருக்கிறாள் என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? வதந்தியாக இருந்ததற்கு நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். ஆறு மாதம் கழித்து அவர் குணமாகி வேறொரு பத்திரிகையில் வேலை கேட்டுப் போவார். எதிரே இருக்கிறவர் இணையத்தில் அவர் பெயரைத் தேடுவார். அவருடைய மகளின் வகுப்பில் ஒரு பிள்ளையும் தேடும். நீங்கள் எவ்வளவு கனிவாக எழுதினாலும் தலைப்பு உங்கள் கையில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ‘சிங்கமாக வலம் வந்த செய்தியாளருக்கு நேர்ந்த பரிதாபம்’ என்று ஒருவர் போடுவார், டிரிப்ஸ் ஏறும் கையின் படத்தை இன்னொருவர் கேட்பார்.

நம் தொழிலில் எல்லோரும் பெருமையோடு சொல்லும் ஒரு தீர்ப்பு உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது சிறைத்துறை குறுக்கே நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்று 1994இல் தீர்ப்பு வந்தது. இதை மேடைதோறும் சொல்கிறோம். அதே தீர்ப்பின் இன்னொரு பகுதியை மட்டும் சொல்வதில்லை. ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது; எழுதியது உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ கண்டனமோ, அதனால் வேறுபாடு இல்லை என்றது நீதிமன்றம். பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம், தாமாகவே சர்ச்சைக்குள் வந்தவரைப் பற்றி எழுதலாம் என்று விலக்குகளும் சொன்னது. கைதிக்கே அப்படி ஓர் எல்லை இருந்தது. செய்தியாளர் சந்திப்பில் உடைந்து அழுத மனிதர் தாமாகச் சர்ச்சைக்குள் வந்தவர் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

சக பணியாளர் என்றால் எதையும் மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் செய்திக்காகப் பணம் வாங்கினால், பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் அத்துமீறினால், நோய் அவருக்குக் கேடயமாகாது. அப்போதும் எழுத வேண்டியது அவர் செய்ததைத்தான். அதை நண்பரல்லாத வேறொருவர் எழுத வேண்டும். உங்கள் அண்ணன் யாருக்கும் தீங்கு செய்ததாகக் கடிதத்தில் இல்லை.

மன அழுத்தம் பற்றிய கட்டுரையை மட்டும் கைவிடாதீர்கள். அதற்கு அவர் எதற்கு? பிணவறை வாசலில் நின்று பெற்றவர்களிடம் “எப்படி உணர்கிறீர்கள்” என்று கேட்கச் சொல்லி அனுப்பப்படும் இளம் நிருபர்களைப் பற்றி எழுதுங்கள். மாதச் சம்பளமே இல்லாத பகுதி நேரச் செய்தியாளர்களைப் பற்றி எழுதுங்கள். 2021இல் கொரோனாவின்போது சுடுகாடுகளுக்கு முன்னால் நின்ற புகைப்படக்காரர்களிடம் அதற்குப் பிறகு நிர்வாகம் ஒரு வார்த்தை விசாரித்ததா என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பேச விரும்புகிறவர்கள் பேசட்டும். உங்கள் அலுவலகத்தைப் பற்றியும் அதில் ஒரு பத்தி இருக்கட்டும். அதை ஆசிரியர் போடுகிறாரா பாருங்கள். உங்கள் அண்ணன் குணமாகி வந்து “எழுது” என்றால் அப்போது அவரைப் பற்றி எழுதலாம். கட்டுரையை முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொல்வதை அடியுங்கள். தலைப்பையும் படத்தையும் முன்கூட்டியே ஆசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.

பணத்துக்கு வேறு வழி இருக்கிறது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று மேலே சொன்ன அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டை நாளைக்கே மனிதவளத் துறையில் கேட்டுப் பாருங்கள். பலருக்கு இது தெரியாமல் கைக்காசைக் கரைக்கிறார்கள். பத்திரிகையாளர் நல வாரியத்தில் அவர் உறுப்பினரா என்று அண்ணியிடம் கேளுங்கள். நண்பர்களிடம் திரட்டுவதானால் ‘உடல்நலமில்லாத நம் சக பணியாளருக்கு’ என்றாலே போதும், கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். பணம் நேராக அண்ணியின் கணக்குக்குப் போகட்டும். வீடியோ இருக்கும் குழுக்களில் அட்மினைத் தனியாகக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள். கண்டித்து எழுதுவதற்காகக்கூட அதை மறுபடி பகிர வேண்டாம்.

சம்பளம் கொடுக்கிற இடத்தில் முடியாது என்று சொல்வது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். 24ஆம் பிரிவைச் சொல்லி, மாற்றுக் கட்டுரையின் குறிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆசிரியர் அந்தக் கட்டுரையை வேறொருவரை எழுதச் சொன்னால், அந்த வேறொருவருக்கு நீங்கள் தகவல் தருகிறவராக ஆகிவிடாதீர்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் பழைய படங்களைக் கேட்பார்கள், தர வேண்டாம்.

இதையெல்லாம் ஓராண்டாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டுப்போயிருந்தால் 14416 என்ற எண்ணில் அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அண்ணிக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள்.