பழுதும் பதிலும்: ஐயா வாங்கி வந்த எஞ்சின்

கேள்வி: வீட்டில் பங்கு பிரிப்பதற்காக மேல் அறைப் பெட்டகத்தை ஒழித்தபோது எங்கள் ஐயா (அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவர்) ஐம்பதுகளில் கொழும்பிலிருந்து வாங்கி வந்த பொம்மை ரயில் எஞ்சின் அட்டைப்பெட்டியோடு கிடைத்தது. பெட்டியில் ஹார்ன்பி டப்ளோ என்று அச்சடித்திருக்கிறது. தூக்கினால் நல்ல கனம். பேரனுக்காக மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புது ரயில் செட்டின் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தோம். நகரவே இல்லை. வைத்தவுடன் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிகிறது, எடுத்துவிட்டால் அணைந்துவிடுகிறது. அடியில் நடுவில் செம்புத் தகடு மாதிரி நாக்கு ஒன்று தொங்குகிறது, அது உடைந்ததா என்றும் தெரியவில்லை. எலெக்ட்ரிக் கடையில் காட்டினால் மோட்டார் போய்விட்டது, காயில் சுற்ற வேண்டும், ஆனால் உத்தரவாதம் தர முடியாது என்கிறார்கள். மகனோ இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டுப் புது எஞ்சின் வாங்கலாம் என்கிறான். எனக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் அந்த எஞ்சினைக் காயில் சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்கு ஒரு கோளாறும் இல்லாமலே இருக்கலாம்.

அந்தச் செம்பு நாக்கு உடைந்து தொங்கவில்லை, அது தொங்கத்தான் வேண்டும். லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1938-ல் ஹார்ன்பி டப்ளோவைக் கொண்டுவந்தபோது தண்டவாளத்துக்கு மூன்று கம்பி. நடுக்கம்பியிலிருந்து இந்த நாக்கு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், மோட்டாரைச் சுற்றிவிட்டுச் சக்கரம் வழியாக ஓரக்கம்பிக்குத் திரும்பும். 1959-லிருந்துதான் அவர்களும் இரண்டு கம்பிக்கு மாறினார்கள். இரண்டு கம்பித் தண்டவாளத்தில் ஒரு கம்பி பிளஸ், மறு கம்பி மைனஸ், அதனால் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் நடுவே மின்சாரம் கடக்காதபடி பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் சக்கரமும் அச்சும் முழுக்க உலோகம், அதைக் கொண்டுபோய் இரண்டு கம்பித் தண்டவாளத்தில் வைப்பது இரண்டு ஒயர் மேல் குறுக்கே இரும்புக் கம்பியைப் போட்ட மாதிரி. ஷார்ட் ஆகிறது, கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிவப்பு விளக்கைப் போடுகிறது. எடுத்தால் அணைகிறது என்று எழுதினீர்களே, எனக்குச் சந்தேகம் தட்டியதே அந்த வரியில்தான்.

நம் காரைக்குடிப் பாதையை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக்கியபோது 1000 மில்லிமீட்டர் 1676 ஆனது, பழைய வண்டி இனி இதில் ஓடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. இங்கே இரண்டுக்குமே அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டு ஆளை ஏமாற்றுகிறது.

சரி, மோட்டாருக்கு உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வீட்டில் பழைய வைஃபை பெட்டியின் அடாப்டர் ஏதாவது கிடக்கும், அதன் முதுகில் 12 வோல்ட் டி.சி. என்று போட்டிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினுக்கு வேண்டியதும் அதேதான். எஞ்சினைத் துண்டு விரித்து அதன்மேல் மல்லாக்கப் போட்டு, ஒரு ஒயரை அந்த நாக்கிலும் இன்னொன்றைச் சக்கரத்து உலோகத்திலும் இரண்டு மூன்று விநாடி தொட்டால் போதும். ஒயர் இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சக்கரம் சுற்றினால் கதை முடிந்தது, ரிப்பேரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மூன்று கம்பிப் பழைய தண்டவாளம்தான் வேண்டும். இங்கிலாந்தில் அது செகண்ட்ஹேண்டாக இன்னும் விற்பனைக்கு வருகிறது, அந்தப் பக்கம் போகிற சொந்தக்காரர்கள் யாராவது இருப்பார்களே.

சுற்றவில்லை என்றாலும் உடனே கைவிட வேண்டாம். இத்தனை வருஷம் பெட்டகத்துக்குள் கிடந்த வண்டி, எண்ணெய் இறுகிப் பிசின் மாதிரி ஆகியிருக்கும். மிக்ஸிக்குக் கார்பன் மாற்றுவார்களே, இதற்குள்ளும் சின்னதாக இரண்டு கார்பன் உண்டு, அது உரசுகிற செம்புப் பட்டையில் கறுப்பு ஏறியிருக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்தப் பட்டையைத் துடைத்து, பட்டைகளுக்கு இடையிலுள்ள கோட்டில் அடைந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தாலே இப்படி நின்றுபோன வண்டிகளில் பாதி ஓடிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். கை நடுங்காத கடிகார ரிப்பேர்க்காரர் கிடைத்தால் அவரிடம் கொடுங்கள், எலெக்ட்ரிக் கடையைவிட அது மேல். ஆனால் அவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: காந்தத்துக்கு நடுவில் சுழல்கிற, கம்பி சுற்றிய ஆர்மெச்சூரை வெளியே உருவக்கூடாது. உருவினால் அந்தக் காலத்துக் காந்தம் பலம் இழந்துவிடும், அப்புறம் வண்டி சூடாகும், இழுக்காது, அதற்குத் திரும்பக் காந்தம் ஏற்றுவது தனிப் பாடு.

எண்ணெய் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு, அச்சுக்கு மட்டும். நான் பன்னிரண்டு வயதில் என் எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன், அன்றைக்கு ஜோராக ஓடியது, அடுத்த லீவுக்குப் பெட்டியைத் திறந்தால் சக்கரம் அப்படியே ஒட்டிக்கொண்டு சிக்கு வாடை வேறு.

ரிப்பேரே செய்ய முடியாத ஒரு கோளாறு உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள். அந்தக் கனமான உடம்பு துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்தது. வார்க்கும்போது ஈயம் மாதிரி அசுத்தம் கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, மயிரிழை மாதிரி விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட்டாக உதிரும். ஈரமும் சூடும் அதைத் துரிதப்படுத்தும். இந்த வியாதி பெரும்பாலும் உலகப் போருக்கு முந்தின வார்ப்புகளுக்குத்தான், உங்களுடையது ஐம்பதுகளில் வாங்கியது என்பதால் பயம் குறைவு. இருந்தாலும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரிசல் ஓடியிருந்தால் பசையோ பற்றவைப்போ உதவாது, கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புதிதாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். இரண்டு கம்பிக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள், செய்ய முடியும்தான், ஆனால் சக்கரத்தையே மாற்றிய பிறகு ஐயா வாங்கிய வண்டி என்று எதைச் சொல்வது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் விற்கிற கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சுரண்டிப் பாலிஷ் போட்டதைவிட அழுக்கோடு, சொந்தப் பெட்டியோடு வந்த பொருளுக்குத்தான் மதிப்பு என்பார். அவரிடம் நீங்கள் போடுகிற விலைக்கும் அவர் விற்கிற விலைக்கும் உள்ள தூரத்தை மகனுக்குக் காட்டவாவது ஒரு நடை போய் வரலாம்.

பேரன் தினமும் ஓட்டி விளையாட வேண்டும் என்றால் புது எஞ்சின் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அதில் தப்பே இல்லை. பொன்மலைப் பணிமனைக்காரர்கள் ஊட்டி மலை ரயிலின் பழைய எஞ்சின்களையும் பழுதுபார்த்தார்கள், புது நீராவி எஞ்சினும் கட்டினார்கள். ஐயாவுடைய எஞ்சின் தன் தண்டவாளம் வரும்வரை இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த ரயில் செட். பிளக்கை மாட்டியதும் கரிந்த வாடை, அதோடு சரி. எஞ்சினை மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அங்கே 120 வோல்ட், நம் வீட்டில் 230. கரிந்தது அநேகமாகப் பவர் பெட்டிதான், வாடை எதிலிருந்து வருகிறது என்று மூக்கை வைத்தே பாருங்கள். உங்களுடையது இரண்டு கம்பி வண்டி என்றால், 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்றும் வலப்பக்கச் சக்கரத்தில் ஒன்றுமாகத் தொட்டால் எஞ்சின் பதில் சொல்லிவிடும். சுற்றினால், நம் ஊர் மின்சாரத்துக்கான கன்ட்ரோலர் ஒன்று வாங்கினால் போதும். இனி எதை மாட்டுவதற்கு முன்னாலும் அடாப்டரில் 100–240 என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: மகளின் எஞ்சின் ஓடும்போது டக் டக் என்று தாளம் போடுகிறது, சில சமயம் மோட்டார் சுற்றினாலும் வண்டி நிற்கிறது.
— ஒரு வாசகி, புதுவயல்

பதில்: அச்சில் இறுக்கிச் சொருகிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை டக் என்றால் அதேதான். பசை நிற்காது, காசைக் கரியாக்க வேண்டாம். பல் எத்தனை, அச்சு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று அளந்து, எஞ்சினின் மாடல் எண்ணோடு கேட்டால் அந்தச் சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கும். கிடைக்கவே இல்லையென்றால் அதே மாடலில் மோட்டார் எரிந்த பழைய எஞ்சின் ஒன்று மலிவாக வாங்கி அதிலிருந்து கழற்றிப் போடுங்கள். வெடித்த சக்கரத்தைத் தூக்கி எறியாமல் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வையுங்கள், அடுத்த முறை பல் எண்ண உதவும்.