ஆனைப்புளி: பழத்துக்குக் காத்திருக்கும் முன் கீரைக்கு விதையுங்கள்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ராமநாதபுரத்திலிருந்து வந்த உறவினர் இரண்டு ஆனைப்புளிக் காய்களைத் தந்தார். சதை புளிப்பும் இனிப்புமாக நன்றாக இருந்தது. விதைகளைத் தொட்டியில் ஊன்றி இரண்டு மாதங்கள் ஆகின்றன, ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைத்தால் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டை ஒட்டி வைக்கலாமா? எத்தனை வருடத்தில் காய்க்கும்? குழம்பில் புளிக்குப் பதிலாகச் சேர்க்கலாமா? ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் செம்மண் நிலமும் இருக்கிறது.
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில், அந்தத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். விதைகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ஆனைப்புளி, ஆங்கிலத்தில் பாவோபாப் எனப்படும் ஆப்பிரிக்க மரம்; அதன் விதையின் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. ஆப்பிரிக்கக் காடுகளில் யானையும் குரங்கும் பழத்தைத் தின்கின்றன; விதை அவற்றின் வயிற்றைக் கடந்து வரும்போது ஓடு இளகுகிறது. உங்கள் தொட்டியில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை, ஆகவே நாம்தான் செய்ய வேண்டும்.

விதைகளைத் தோண்டி எடுத்துக் கழுவுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் உள்வாங்கி, மறுபக்கம் உருண்டு இருக்கும். உள்வாங்கிய இடத்தில்தான் முளை இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். உருண்ட பக்கத்தைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலோ உப்புத்தாளிலோ தேயுங்கள். கருத்த ஓடு தேய்ந்து உள்ளே வெளுப்பு எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் தண்ணீர் குடித்த விதை நன்றாக உப்பியிருக்கும். உப்பாததை மறுபடி தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். நூற்றுக்கணக்கில் விதை இருந்தால் ஒவ்வொன்றாகத் தேய்க்க முடியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதைகளைப் போட்டு ஒரு நாள் ஆறவிடுங்கள். பண்ணைகளில் கந்தக அமிலத்தில் ஊறவைப்பார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

உப்பிய விதையை மணலும் செம்மண்ணும் கலந்த கலவையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் முளைக்கும். முளைத்து வரும் கன்றைப் பார்த்துத் திகைக்காதீர்கள். பெரிய மரத்தில் ஒரே காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரல் விரித்தாற்போல் இருக்கும். சிறு கன்றிலோ இலைகள் ஒற்றை ஒற்றையாகத்தான் வரும். பிரிந்த இலை பிறகுதான் தோன்றும். இதைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. இலவ மரமும் இதே குடும்பம், அதன் இலையும் விரல் விரித்தாற்போல் இருக்கும். ஆனைப்புளி என்று சொல்லி இலவங்கன்றைக் கொடுத்துவிட்டால் பார்வைக்குச் சட்டென்று பிடிபடாது. கையில் நல்ல விதை இருக்கும்போது கன்றை விலைக்கு வாங்காமல் இருப்பதே மேல்.

அடுத்து இடம். பின்கட்டை ஒட்டி வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. இந்த மரம் எந்த அளவுக்குப் பெருக்கும் என்பதற்கு இலங்கையின் மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் மரமே சாட்சி: உயரம் 8 மீட்டருக்குள்தான், அடிமரத்தின் சுற்றளவோ 19 மீட்டருக்கு மேல். அங்கே அதைப் பெருக்க மரம் என்றுதான் அழைக்கிறார்கள். கர்நாடகத்தில் சவணூர், மத்தியப் பிரதேசத்தில் மாண்டு, ஹைதராபாத்தில் கோல்கொண்டா என்று ஆப்பிரிக்கர்களும் அரேபியர்களும் வந்துபோன தடங்களில் எல்லாம் இப்படிப் பெருத்த மரங்கள் நிற்கின்றன. வேர்கள் ஆழமாக இறங்குவதைவிட மேலாகவே வெகுதூரம் பரவும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய நூறு வயதுச் சுவரை அந்த வேருக்கு எதிரில் நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டைக் கட்டியவர்கள் இன்று இருந்தாலும் இதையேதான் சொல்வார்கள். சுவர், கிணறு, ஊருணிக் கரை எதுவானாலும் குறைந்தது 25 மீட்டர் தள்ளியிருக்கட்டும். இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் இருக்கும்போது வேறு இடம் தேடவே வேண்டியதில்லை.

நிலத்திலும் மேட்டுப் பக்கமாகப் பாருங்கள். வறட்சி இந்த மரத்தை ஒன்றும் செய்யாது, அடிமரமே தண்ணீர்த் தொட்டி. அதைக் கொல்வது தேங்கும் நீர்தான். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழை மொத்தமாகக் கொட்டும். மூன்று அடிக் குழி வெட்டும்போது அடியில் செம்புறாங்கல் தட்டுப்பட்டால் கடப்பாரையால் உடைத்து, நீர் கீழே இறங்க வழி செய்யுங்கள். உடைக்க முடியாத பாறையாக இருந்தால் அந்தக் குழியை விட்டுவிடுங்கள். கன்றைச் சுற்றி மண்ணை அணைத்துச் சிறு மேடாக்குங்கள், பாத்தி கட்ட வேண்டாம். சித்திரையில் பையில் விதைத்தால் ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ நடலாம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். பை ஆழமானதாக இருக்கட்டும். முள்ளங்கியைப் போல ஆணிவேர் பருத்து இறங்கும், அது மடங்கக் கூடாது.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆட்டிடமிருந்து காப்பதுதான் பெரிய பாடு. இலையையும் தின்னும், பட்டையையும் உரிக்கும். சீமைக்கருவேல முள்ளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, சுற்றி நெருக்கமாக அடைத்துவிடுங்கள். ஆனால் சீமைக்கருவேலமே மேலே கவிந்து நிழல் கட்டவிடக் கூடாது, கன்றுக்கு முழு வெயில் வேண்டும். பருத்தி போடும் நிலத்துக்குப் பக்கத்திலும் நட வேண்டாம். பருத்தியைத் தாக்கும் சில பூச்சிகள் இந்த மரத்திலும் தங்கும்.

பனிக்காலத்தில் இலை உதிரத் தொடங்கிக் கோடையில் மரம் மொட்டையாக நிற்கும். கன்றும் அப்படித்தான். பட்டுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. பயந்துபோய்த் தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைப்பவர்களும் உண்டு. நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலையில்லாத மாதங்களில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்.

இனி நீங்கள் ஆவலோடு கேட்ட கேள்வி. விதைக்கன்று காய்க்கப் பத்து ஆண்டுகளும் ஆகலாம், இருபதுக்கு மேலும் ஆகலாம். அதிலும், தனியாக நிற்கும் மரம் ஆண்டுதோறும் பூத்தும் காய் பிடிக்காமல் போவதுண்டு. தன் மகரந்தத்தை அது எளிதில் ஏற்பதில்லை. பூவைப் பார்த்தால் காரணம் இன்னும் விளங்கும். நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் உள்ளங்கை அகல வெள்ளைப் பூ அது. பொழுது சாயும்போது விரியும். மறுநாளே வாடிப் பழுப்பாகி உதிரும். அந்த ஓர் இரவுக்குள் பழந்தின்னி வௌவால் வேறொரு மரத்தின் மகரந்தத்தோடு வந்து சேர வேண்டும். ஆகவே ஒரு கன்றோடு நிறுத்தாதீர்கள். இரண்டு காய்களிலிருந்தும் விதை எடுத்து, முடிந்தால் வேறொரு மரத்தின் காயையும் தேடிப்பிடித்து, நான்கைந்து கன்றுகளைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் நடுங்கள்.

காலத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து, அது இலை உதிர்த்து நிற்கும் மாசி, பங்குனியில் பென்சில் கனத்துக் குச்சி வெட்டிவந்து, அதன் அடியை ஆப்பாகச் சீவி, அதே கனமுள்ள கன்றின் தண்டைப் பிளந்து செருகி ஆப்பு ஒட்டுக் கட்டலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இப்படி ஒட்டுக் கட்டிய கன்றுகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பூத்திருக்கின்றன. மாமரத்துக்கு ஒட்டுக் கட்டத் தெரிந்தவருக்கு இது கடினமான வேலையில்லை.

ஆனால் உங்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வேறு. நம் ஊரில் இந்த மரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் காயையும் அடிமரத்தின் பருமனையும் மட்டுமே பேசுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு இது முதலில் ஒரு கீரை. மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் விதையை நெருக்கமாக ஊன்றிக் கீரைப்பாத்தியாகவே வளர்க்கிறார்கள். வட நைஜீரியாவில் ஹௌசா மக்கள் உலர்ந்த இலைத்தூளைக் கொண்டு மியான் குக்கா என்ற குழம்பு வைக்கிறார்கள். மரத்துக்காக இருபது ஆண்டுகள் காத்திருக்கத் தயாராக இருக்கும் நீங்கள், கீரைக்கு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும்.

கன்றுக்கு வேண்டியதுபோக மீதி விதைகளை வீட்டுத் தோட்டத்திலேயே, வெயில் விழும் பாத்தியில், அரைச் சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். ஆறேழு வாரங்களில் இளந்தளிரைக் கிள்ளலாம். தண்டு நீண்டதும் ஒரு சாண் விட்டு வெட்டினால் பக்கத்தில் தளிர்க்கும். இப்படி வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்திருக்கும்வரை சுவருக்குப் பயமில்லை. இரண்டாம் ஆண்டில் தண்டு தடிக்கத் தொடங்கினால் வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாக விதையுங்கள். கன்றுப் பருவத்தின் கிழங்கு போன்ற வேரையும் ஆப்பிரிக்காவில் சமைத்து உண்கிறார்கள்.

இலை வெந்தால் வழவழக்கும். வெண்டையும் இதே குடும்பம்தான். வழவழப்பு சிலருக்குப் பிடிக்காது, ஆனால் வெண்டைக்காய் மண்டி வைக்கும் செட்டிநாட்டு அடுப்பங்கரைக்கு அது புதிதில்லை. நான் சொல்லும் முறை கீரை மண்டிதான். சின்ன வெங்காயமும் கிள்ளிய மிளகாயும் தாளித்து வதக்கி, அரிசி கழுவிய தண்ணீரில் இலையை வேகவிட்டு, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். பழுத்த இலை நார் தட்டும், தளிரும் இளம் இலையும் மட்டும் எடுங்கள். இலையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. மழை முடிந்து இலை உதிரும் முன் நிறையக் கிடைக்கும்போது உலர்த்தித் தூளாக்கி வைத்துக்கொள்ளலாம். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் காயவைத்தால் வைட்டமின் ஏ தரும் சத்து பெருமளவு போய்விடும்.

கடைசியாகப் புளி. நாம் நாள்தோறும் கரைக்கும் புளியும் ஆப்பிரிக்காவில் தோன்றிய மரத்தின் பழம்தான், ஆயினும் இரண்டும் குழம்பில் ஒன்றாகா. ஆனைப்புளிச் சதை வெண்மையாக, மாவாக இருக்கும். பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் நார்ப்பொருள் மிகுதியால் சூடேறினால் கூழாகக் கெட்டிப்படும். காரக்குழம்புக்கு வேண்டிய கருத்த நிறமும் அழுத்தமான புளிப்பும் அதில் வராது. கொதித்தால் அதன் வைட்டமின் சி-யும் வீணாகும். 100 கிராம் சதையில் அது 150 முதல் 500 மில்லிகிராம் வரை இருக்கும். மரத்துக்கு மரம் மாறும். ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம். இந்த ஒப்பீட்டைக் காட்டித்தான் தூளை யானை விலைக்கு விற்கிறார்கள். ஆரஞ்சை முழுதாகத் தின்கிறோம், இதில் ஒரு தம்ளருக்கு இரண்டு கரண்டித் தூள்தான் போடுகிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். நல்ல பழம்தான், சர்வரோக நிவாரணி இல்லை.

ஆகவே அடுப்பில் ஏற்றாமல் பானகமாகக் குடியுங்கள். ஓட்டை உடைத்து, விதையோடு ஒட்டிய சதையைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்து, செந்நார்களை வடிகட்டிவிட்டு, வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்க்க வேண்டியதுதான். செனகலில் இதையே சர்க்கரையும் பாலும் கலந்து புய் என்ற பானமாக அருந்துகிறார்கள். மொம்பாசாவிலும் சான்சிபாரிலும் சதை ஒட்டிய விதைகளைச் சிவப்புச் சர்க்கரைப் பாகில் புரட்டி மபுயு என்ற மிட்டாயாக விற்கிறார்கள். பிள்ளைகள் வாயில் போட்டுச் சப்பிவிட்டு விதையைத் துப்புவார்கள். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபிறகு குடிக்கட்டும், சதையில் அது அதிகம்.

ஓடு உடையாத காய் பல மாதங்கள் கெடாமல் இருக்கும், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக உடையுங்கள். உடைத்த சதையை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் காற்றுப் புகாமல் மூடி இருட்டில் வையுங்கள். வெண்மை மாறிப் பழுப்பேறினால் பழையதாகிவிட்டது என்று பொருள். காயை அசைத்துப் பார்த்து, உள்ளே விதை கலகலவென்று ஆடினால் முற்றிக் காய்ந்துவிட்டது. விதைக்கு எடுக்கும் காய் அப்படித்தான் இருக்க வேண்டும்.