பயிற்சி எனக்கு எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். பேச்சு அதிகம் வராது. சாயங்காலம் டேப்லெட்டை வாங்கி வைத்துவிட்டுக் குளிக்கக் கூப்பிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். தடுக்கப் போனால் என் கையைக் கடிக்கிறான். ‘ரெண்டு போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் மாமியார். மருத்துவரோ என்னையும் கணவரையும் பெற்றோர் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார். பிரச்சினை பிள்ளைக்கு, பயிற்சி எனக்கு எதற்கு? நான் வளர்த்தது சரியில்லை என்கிறார்களா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இல்லையம்மா. வளர்ப்பினால் ஆட்டிசம் வருவதில்லை. இதைச் சொல்லாமல் நான் எந்தப் பெற்றோர் வகுப்பையும் ஆரம்பிப்பதில்லை, ஏனென்றால் வருகிற தாய்மார் எல்லோருமே உங்கள் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். தெரபிஸ்ட் உங்கள் மகனைப் பார்ப்பது எப்போதோ ஒரு மணி நேரம். அவன் கடிப்பதோ உங்கள் வீட்டுக் குளியலறை வாசலில். அங்கே இருப்பது நீங்கள்தான், அதனால்தான் பயிற்சியும் உங்களுக்கு.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையுள்ள 180 ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்து 24 வாரம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆட்டிசம் பற்றிய விளக்கம் மட்டும். இன்னொரு குழுவுக்குக் குழந்தையின் நடத்தையைக் கையாளும் பயிற்சி. 2015இல் முடிவு வந்தது. பெற்றோர் போட்ட மதிப்பெண்படி, குழந்தைகளின் எரிச்சலும் ஆத்திரமும் விளக்கம் கேட்ட குழுவில் சுமார் 32 சதவீதம் குறைந்திருந்தது, பயிற்சி பெற்ற குழுவில் சுமார் 48 சதவீதம்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை மோதித்தான் காட்டும்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்றே வரி. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது வரியில் ‘டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்’ என்று இருக்கும். பிள்ளை தலையில் அடித்துக்கொள்ளும்போது எந்தத் தாய்தான் கொடுக்காமல் இருப்பாள்? ஆனால் கடித்தால் கிடைக்கும் என்று அவன் அதில் படித்துக்கொள்கிறான்.

கடிக்காமலே கேட்க அவனுக்கு ஒரு வழி வேண்டும். டேப்லெட் படத்தை ஓர் அட்டையில் ஒட்டுங்கள். நேரம் முடிகிறது என்று சொல்லும்போதே அட்டையை அவன் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து உங்களிடம் நீட்டச் செய்யுங்கள். நீட்டினதும் இன்னும் 2 நிமிடம் கொடுத்துவிடுங்கள். அந்த 2 நிமிடம் முடிந்தால் முடிந்ததுதான். முதலில் குளியல், அப்புறம் டேப்லெட் என்று இரண்டு படத்தை வரிசையாகக் காட்டுங்கள். குளித்து வந்ததும் சொன்னபடி கையில் கொடுங்கள், தாமதம் வேண்டாம்.

ஆரம்ப நாட்களில் அழுகை கூடும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், அடுத்த முறை அதே உச்சத்திலிருந்துதான் தொடங்குவான். அதற்காகத் தலையை மோதிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. பேசாமல், திட்டாமல், சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணையை வையுங்கள். காயம் படுகிற அளவுக்குப் போனால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாமியார் விஷயம். தென்னாப்பிரிக்காவில் வீட்டில் பிள்ளையை அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பை அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் நீக்கிவிட்டது. சட்டம் இருக்கட்டும், அடி வாங்கிய பிள்ளைக்கு டேப்லெட்டை எப்படிக் கேட்பது என்று தெரிந்துவிடுமா? மாமியாரோடு, அதாவது பிள்ளையின் ஆயாவோடு சண்டை போடாதீர்கள், வகுப்புக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் மறுத்ததை ஆயா கொடுத்துவிட்டால் அட்டையும் நோட்டும் வீண். ஆயா ஒருவர் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது நான் பல வீடுகளில் பார்த்தது.

பக்கத்தில் வகுப்பு இல்லையென்றால் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள ஆட்டிசம் சவுத் ஆப்ரிக்கா அமைப்பிடம் விசாரியுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் வீட்டாருக்கென்றே ஒரு பயிற்சி வகுத்திருக்கிறது. 9 குழு வகுப்பு, 3 முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு ஆட்டிசம் உள்ள என் மகளை அழைத்துப் போகலாமா? மேளம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள்.
– ஒரு தகப்பன், ஃபீனிக்ஸ்

பதில்: தாராளமாக. ஆனால் காவடி புறப்படும் நேரத்தில் வேண்டாம். காலையில் கூட்டம் சேரும் முன் போய்க் கும்பிட்டு வாருங்கள். காதை மூடும் ஹெட்ஃபோனை சில நாள் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள், கோயில் வாசலில் புதிதாக மாட்டினால் கழற்றி எறிவாள். காரை உடனே எடுக்க வசதியான இடத்தில் நிறுத்துங்கள். அவள் கத்தத் தொடங்கும் வரை காத்திருக்காமல், சந்தோஷமாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.