சாவிப் பலகை

வணக்கம் அக்கா,

ஸ்பெயினில் நெர்ஹா என்ற கடற்கரை ஊரில் நீங்கள் வீட்டுத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நானும் மனைவியும் இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறோம். இருவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஐடி வேலை சலித்துவிட்டது. போன கோடையில் நெர்ஹா இருக்கும் அந்த கோஸ்டா டெல் சோல் கடற்கரைப் பக்கம் போயிருந்தபோது, ஆங்கிலேயர்களே கடை போட்டு ஆங்கிலேயர்களுக்கே வீடு விற்பதைப் பார்த்தேன். 5 சதவீதக் கமிஷனாம். 3 லட்சம் யூரோ வீட்டுக்கு 15 ஆயிரம். மாதம் ஒரு வீடு விற்றாலே போதுமே? லைசென்ஸ்கூடத் தேவையில்லை என்றார்கள். இங்கே இருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் போய் ஆரம்பிக்கலாமா?

ஆர்., ரெடிங்

அன்புள்ள ஆர்.,

லைசென்ஸ் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் சரி. 2000ல் ஸ்பெயின் அரசு இந்தத் தொழிலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பின்னாளில் கட்டலூனியா, வலென்சியா போன்ற மாநிலங்கள் கட்டாயப் பதிவு கொண்டுவந்தன. நான் இருந்த தென் மாநிலமான அந்தலூசியாவில், போன மாதம் வரை பாரில் பீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் இந்த மாதம் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்து நிற்பார். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்ற தொழிலில் நீங்கள் மட்டும் நுழையப் போவதில்லை, இல்லையா?

பாஸ்போர்ட் விஷயம்தான் மாறிவிட்டது. 2004ல் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன், அவ்வளவுதான். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021லிருந்து பிரிட்டிஷ்காரர்களும் விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்க முடியும். ஓய்வு பெற்றவர்கள் வாங்கும் விசாவில் வேலை செய்யக்கூடாது. உங்களுக்குச் சுயதொழில் அனுமதி வேண்டும். கிடைத்த பிறகு மாதாமாதம் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டும். அந்த மாதம் ஒரு வீடும் விற்கவில்லையே என்றெல்லாம் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் 15 ஆயிரம். வீடு ஒரு அலுவலகத்தில் இருக்கும், வாங்குபவர் இன்னொரு அலுவலகத்தில் இருப்பார். பெரும்பாலும் கமிஷன் பாதி பாதியாகும். முதல் முறை வீட்டைக் காட்டியதிலிருந்து நோட்டரி முன்னால் கையெழுத்தாகும்வரை சில மாதங்கள் ஓடும். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர். 2008 அக்டோபரிலிருந்து அடுத்த மே வரை எங்கள் கையால் ஒரு பத்திரம்கூட நடக்கவில்லை. ஸ்பெயினில் வீட்டு விலைக் குமிழி வெடித்தது ஒரு பக்கம். எங்கள் வாடிக்கையாளர்களின் பணமோ பவுண்டில் இருந்தது. 2005 வாக்கில் 1 பவுண்டுக்கு 1.45 யூரோ கிடைத்தது. 2008 டிசம்பர் கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. பென்ஷன் வாங்கும் கிழவருக்கு வீட்டை விட்டு நகராமலே வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வீடு வாங்குவதை விடுங்கள், மதியம் வெளியே சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த எட்டு மாதம் எங்களுக்குச் சோறு போட்டது, மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்த சாவிப் பலகை. அறுபது, எழுபது கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் சாவி, சிவப்பு மார்க்கரில் எண். சொந்தக்காரர் லீட்ஸிலோ கார்டிஃபிலோ இருப்பார். வாரம் ஒருமுறை போய்க் கதவைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தபாலை எடுத்துக்கொண்டு வர வேண்டும். கரண்ட் பில் கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டால் வங்கிக்குப் போக வேண்டும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவருக்குப் பதிலாக உட்கார்ந்து, நீச்சல்குளத்துக்கு யார் பணம் கட்டவில்லை என்ற சண்டையை இரண்டு மணி நேரம் கேட்க வேண்டும். இதற்கு வீட்டுக்கு மாதம் 40 யூரோ வாங்கினோம். நீங்கள் சொல்லும் கடைகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வில்லா படங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு பலகை இருக்கும்.

பத்திரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பத்திரம் ஒரு கணக்கு, பட்டா ஒரு கணக்கு, பிளான் அனுமதி தனிக் கணக்கு அல்லவா? அங்கேயும் அப்படியே. பதிவு அலுவலகத்தில் ‘நோட்டா சிம்ப்ளே’ என்று ஒரு தாள் தருவார்கள். வில்லங்கச் சான்றிதழின் ஒன்றுவிட்ட தம்பி. சுமார் 10 யூரோ. யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்று அதில் தெரியும். நில வரிக் கணக்கு வைத்திருக்கும் ‘கத்தாஸ்த்ரோ’வில் வேறொரு சதுர மீட்டர் இருக்கும். இரண்டிலும் சரியாக இருந்தாலும், வீடு கட்டவே கூடாத நிலத்தில் கட்டிய வீடாக இருக்கலாம். நெர்ஹாவுக்குப் பின்னால் கோம்பெத்தா என்ற ஊர்ப் பக்கத்து மலைச்சரிவுகளில் இப்படி ஏராளமான வீடுகள். ஒரு தோட்டக் கொட்டகை முதலில் வீடாகும், அப்புறம் நீச்சல்குளம் முளைக்கும், தாளில் மட்டும் கொட்டகையாகவே இருக்கும்.

2008 ஜனவரியில் அல்மெரியா மாகாணத்தின் வேரா என்ற ஊரில் ஒரு பிரிட்டிஷ் ஓய்வூதியத் தம்பதியின் வீட்டை இடித்தார்கள். நகராட்சி கொடுத்த கட்டட அனுமதி அவர்களிடம் இருந்தது. அது செல்லாது என்று மாநில அரசு வழக்காடி, புல்டோசரும் வந்துவிட்டது. அவர்கள் அப்புறம் மிஞ்சிய கராஜில் குடியிருந்தார்கள். செய்தி வந்த மறுநாள் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரத்தை வைத்துக்கொண்டு பதினோரு பேர் நின்றார்கள்.

அதில் ஒரு அம்மாவுக்கு 2005ல் வீடு விற்றது எங்கள் அலுவலகம். நோட்டரி அறையில் அவருக்கும் கணவருக்கும் வாசித்து மொழிபெயர்த்தது நான். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். ஆனால் பத்திரத்தில் நீச்சல்குளமும் பின்கட்டு அறையும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. வக்கீல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். எங்கள் முதலாளி எப்போதும் சிபாரிசு செய்யும் வக்கீல் அவர். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியும். 2011ல் கணவர் இறந்தார். அந்த அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, மலைப்பாதையில் பஸ் கிடையாது. விற்க வந்தார். ஆள் வரும், வீட்டைப் பார்க்கும், வங்கி கடன் தராது. 2012ல் நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அது விற்கவில்லை. அதே ஆண்டு இப்படிப்பட்ட பழைய வீடுகளை ‘இருப்பதாக’ ஏற்றுக்கொள்ளும் ஒரு ஆணையை மாநில அரசு போட்டது. இருக்கலாம், பெரிதாக்கக்கூடாது என்பது மாதிரி. அது அவருக்கு உதவியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கீழே இறங்கும் நாட்களிலெல்லாம் காரில் கூடவே வந்து, பத்து மணிக்கு நான் குடிக்கும் அதே கடையில் காப்பி குடிப்பார். என்னைப் பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போடுவார். கடைசி ஒரு வருடம் நான் கடையை மாற்றிக்கொண்டேன்.

லண்டன் புரோக்கர் விற்றுவிட்டுப் போய்விடலாம், நெர்ஹா புரோக்கர் போக முடியாது என்று இதற்காகத்தான் சொல்கிறேன். அங்கே வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். காட்சிக்கு மயங்கி மலைமேல் வீடு வாங்குவார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து முழங்கால் போய், துணையும் போய், அதே வீட்டை விற்க உங்களிடமே வருவார்கள். விற்பவர் ஸ்பெயினில் வரிக் கணக்கில் இல்லாத வெளிநாட்டவராக இருந்தால், விலையில் 3 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரி அலுவலகத்தில் கட்ட வேண்டும் என்பதே பலருக்குப் பத்திர நாளன்றுதான் தெரியும். அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க உங்களுக்குத் தைரியம் இருக்க வேண்டும்.

கருப்புப் பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், தமிழர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் காலத்தில் விலையில் ஒரு பகுதி மேசைக்கடியில்தான் போனது. 500 யூரோ நோட்டுக்கு ‘பின் லேடன்’ என்று பெயர்: இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை. இப்போது அது சுருங்கிவிட்டது. 2022லிருந்து நம் வழிகாட்டி மதிப்பு மாதிரி அரசே ஒரு குறைந்தபட்ச மதிப்பு வைத்து வரி போடுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2024ல் மாலாகா நகரத்தில் குடியிருக்க வீடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை, வீடெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து அடுக்குமாடியில் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட, குடியிருப்போர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும். சாவிப் பலகையை நம்பிப் போகிறவருக்கு இதுவும் ஒரு கணக்கு.

ரெடிங் வீட்டை விற்காதீர்கள். ஸ்பானிஷ் படியுங்கள். வாடிக்கையாளரிடம் பேச அது தேவைப்படாது, நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பேசத் தேவைப்படும். கோடையில் பார்த்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, நவம்பரில் ஒரு மாதம் போய்த் தங்குங்கள். பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கியிருக்கும், மழை பெய்யும். அந்த வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை, பலவற்றில் ஹீட்டர் கிடையாது. தரையெல்லாம் பளிங்கு, டைல்ஸ். கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள.

அன்புடன்,
அக்கா