பொன்வலைச் சிலந்தி எந்தக் குடும்பம்?

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்குத் தொடர்ச்சி மலைச் சிலந்திகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பெரிய பொன்னிற வலை பின்னும் நெஃபிலா பிலிப்பஸ் சிலந்தியை ‘நெஃபிலிடே’ குடும்பத்தில் சேர்த்திருந்தீர்கள். என்னிடமுள்ள இரண்டு கையேடுகளில் ஒன்று அதை ‘அரேனியிடே’ என்கிறது. பழையதான மற்றொன்று ‘டெட்ராக்னாதிடே’ என்கிறது. இவற்றில் எது சரி? ஒரு சிலந்தியின் குடும்பத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத அறிவியலை எப்படி நம்புவது? வால்பாறையில் எடுத்த படங்களை இணைத்துள்ளேன்.

எம்., பொள்ளாச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் கையேடுகள் இரண்டுமே அவை அச்சான காலத்தில் ஏற்கப்பட்டிருந்ததைத்தான் சொல்கின்றன. இந்தச் சிலந்திக்கு 1793இல் பெயரிட்டவர் ஃபப்ரீசியஸ். இது எந்தச் சிற்றினம் என்பதல்ல இங்கே கேள்வி. இதற்கும் இதன் நெருங்கிய உறவினங்களுக்கும் எந்தப் படிநிலையைக் கொடுப்பது, அதாவது தனிக் குடும்பமா, வேறொரு குடும்பத்தின் உட்பிரிவான துணைக்குடும்பமா என்பதில்தான் சிக்கல். 1894இல் பிரெஞ்சு ஆய்வாளர் யூஜின் சிமோன் இவற்றை ஒரு துணைக்குடும்பமாகத் தொகுத்தார். பின்னர் இவை டெட்ராக்னாதிடேக்குப் போயின. 2006இல் ஸ்லோவேனிய ஆய்வாளர் குன்ட்னர் இவற்றை ‘நெஃபிலிடே’ என்ற தனிக் குடும்பமாக உயர்த்தினார். 2017இல் டிமிட்ரோவும் அவருடைய கூட்டாளிகளும் மரபணுச் சான்றுகளைக் கொண்டு இவற்றை அரேனியிடேக்குள் துணைக்குடும்பமாக வைத்தார்கள். 2019இல் குன்ட்னர் குழு தனிக் குடும்பத்தை மீட்டது. மறு ஆண்டே அதே ஆய்விதழில் அதற்கு மறுப்பும் வெளியாயிற்று.

இத்தனை இடமாற்றங்களுக்கும் காரணம் என்னவென்று அறிய உங்கள் முதல் படத்தையே உருப்பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலான வட்டவலைச் சிலந்திகள் முதலில் நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒட்டும் தன்மையற்ற இழையால் ஒரு தற்காலிகச் சுருளைப் போடும். பிறகு விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒட்டும் சுருளைப் பின்னிக்கொண்டே வந்து, வழியில் பழைய சுருளை வெட்டி அகற்றிவிடும். நெஃபிலா அதை அகற்றுவதில்லை. முடிந்த வலையிலும் அந்தச் சுருள் அப்படியே இருக்கும். உங்கள் படத்தில் நெருக்கமான ஒட்டிழைகளின் இடையிடையே சற்றே அகன்ற இடைவெளியில் தனித்துத் தெரிவது அதுதான். ஆஸ்திரேலியாவின் ஃபோனோக்னாதா என்ற, இலையைச் சுருட்டி வலையில் குடியிருக்கும் சிலந்தியும் இதையே செய்கிறது. 1995இல் ஹோர்மிகா, எபர்ஹார்ட், காடிங்டன் ஆகிய மூவரும் இத்தகைய வலை பின்னும் வழக்கங்களையும் உறுப்பமைப்பையும் ஒப்பிட்டு, ஃபோனோக்னாதாவையும் நெஃபிலாவையும் டெட்ராக்னாதிடேயோடு உறவாக்கினார்கள். மரபணு வரிசைகள் கிடைக்கத் தொடங்கியதும் அந்த உறவு நிற்கவில்லை. நெஃபிலாவும் அதன் சுற்றமும் அரேனியிடேயின் பக்கம் வந்துவிட்டன.

இன்றைய சர்ச்சை இதைவிடச் சிறியது. நெஃபிலாவும் அதன் உறவுகளும் ஒரே மூதாதையின் வழிவந்த ஒரு கிளை என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன. அந்தக் கிளைக்குத் தனிக் குடும்பம் என்ற தகுதியைக் கொடுப்பதா, பெரிய குடும்பத்தின் உட்பிரிவாக வைப்பதா என்பதே வழக்கு. கூட்டுக் குடும்பத்தின் ஒரு கிளை தனி ரேஷன் அட்டை வாங்கிக்கொண்டால் ரத்த உறவு மாறிவிடுவதில்லை அல்லவா? ‘குடும்பம்’ என்ற படிநிலையை இத்தனை வேறுபாடு இருந்தால் கொடுக்க வேண்டும் என்று அளந்து சொல்லும் கோல் எதுவும் கிடையாது. ஒரு குடும்பத்திற்குள் வைக்கப்படுபவை ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் உள்ளடக்க வேண்டும் என்பதே வகைப்பாட்டாளர்கள் கறாராகக் கடைப்பிடிக்கும் விதி. இரு தரப்பும் அவ்விதிக்குள் நின்றே வாதிடுகின்றன. நான் தனிக் குடும்பமாக எழுதுவதற்குக் காரணம் வசதிதான். தாடையின் அடிப்புறத்தில் வரிவரியான மேடு, விட்டுவைக்கப்படும் சுருள் போன்ற அடையாளங்களோடு இந்தக் கிளையைத் தனியே பேச முடிகிறது. அரேனியிடேயோ மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பெருங்கடல். அதில் கரைத்துவிட்டால் களத்தில் நிற்பவருக்கு அந்தப் பெயர் அதிகம் உதவாது.

உங்கள் அன்றாடப் பயன்பாட்டை அதிகம் பாதிப்பது 2019இல் நடந்த மற்றொரு மாற்றம்தான். நெஃபிலா என்ற பேரினமே, அதாவது சிற்றினப் பெயருக்கு முன்னால் வரும் தொகுப்பே, அப்போது பிளக்கப்பட்டது. அமெரிக்காவின் கிளாவிப்பஸ், ஜப்பானின் கிளாவாட்டா முதலிய பல சிற்றினங்களும் ட்ரைக்கோநெஃபிலா என்ற பேரினத்துக்குப் போயின. நம் பிலிப்பஸ் பழைய பெயரிலேயே தொடர்கிறது. கையேடு வாங்கும்போது குடும்பப் பெயரைவிட இதைச் சரிபாருங்கள்.

அறிவியலை நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். புதிய சான்று வந்தும் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். உங்கள் குறிப்பேட்டில் சிற்றினப் பெயர், இடம், தேதி மூன்றையும் மையில் எழுதுங்கள்; குடும்பத்தைப் பென்சிலில் எழுதினால் போதும்.

இரண்டாவது படத்தில், பலாமரப் பட்டையை ஒட்டி ஏணிபோல் நீண்ட வலையில் தட்டையாகப் படிந்திருப்பது நெஃபிலா அல்ல, ஹெரேனியா மல்டிபங்டா. அதுவும் இதே கிளையைச் சேர்ந்ததுதான். முதல் படத்தில் பெண் சிலந்திக்கு மேலே, நீங்கள் ‘குஞ்சு’ என்று குறித்திருப்பது அதன் ஆண். பெண்ணின் உடல் 3 முதல் 5 செ.மீ. வரை இருக்க, ஆண் 5 அல்லது 6 மி.மீ.தான். அதன் முகத்தருகே சிறு கைகள்போல் உள்ள உறுப்புகள் முனை பருத்துத் தெரிகின்றன. குஞ்சுக்கு அப்படி இருக்காது. குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.