மேஸ்திரிக்கு இனி ஒரு ரூபாயும் போடாதீர்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் 42 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி, 2023 அக்டோபரில் சாவி வாங்கினோம். ஃபெஞ்சல் புயல் மழையிலிருந்து படுக்கையறைச் சுவர் ஊறிப் பூச்சு உதிர்கிறது. பில்டர் அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருநாள் கொத்திப் போட்டால் பத்து நாள் ஆளைக் காணோம். மெட்டீரியலுக்கென்று இதுவரை 85,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். அதில் 60,000 நகையை அடகு வைத்தது, ஒன்றரை வட்டி. அந்தக் கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருப்பவர் என் கணவரின் சித்தப்பா மகன் என்பதால் மறுக்க முடியவில்லை. வங்கி ஆர்.டி.யில் 40,000 இருக்கிறது. ஆண்டுக்கு 16,500 கட்டினால் வீட்டுப் பழுதெல்லாம் பார்க்கும் ஒரு திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?
– பள்ளி ஆசிரியை, கடலூர்

பதில்: வேண்டாம். சேரும் நாளுக்கு முன்பே இருந்த பழுதை இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்டாலும், அவர்கள் அனுப்பப்போவது இன்னொரு கான்ட்ராக்டரைத்தானே!

திட்டத்தை விடுங்கள். “அண்ணி, ஒரு அஞ்சாயிரம் போட்டு விடுங்க” என்று போன் வந்ததும் ஜிபேயைத் திறக்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத் தரக் குறையையோ தெரிவித்தால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். குறையைத் தெரிவிக்க உங்களுக்கு 2028 அக்டோபர் வரை காலம் இருக்கிறது. கான்ட்ராக்டருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே கிடையாது. பில் இல்லாமல் நீங்கள் கொடுத்த பணத்தைக் காட்டியே, “அவர்களாக ஆள் வைத்துச் சுவரைக் கொத்தினார்கள்” என்று பில்டர் நாளை கைகழுவலாம்.

கணக்கைப் பாருங்கள். 60,000-க்கு ஒன்றரை வட்டி மாதம் 900, ஆண்டுக்கு 10,800. அதோடு திட்டத்துக்கு 16,500. ஆக, பில்டர் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலைக்காக ஆண்டுக்கு 27,000 ரூபாய்க்கு மேல் போகும். அந்தப் பக்கம் உங்கள் ஆர்.டி. ஏழு சதவீத வாக்கில் வளர்ந்துகொண்டிருக்கிறது. பதினெட்டு சதவீதக் கடனை வைத்துக்கொண்டு ஏழு சதவீதத்தில் சேமிப்பது எந்தக் கணக்கில் சேரும்?

பில்டருக்கு, கான்ட்ராக்டருக்கு அல்ல, எழுத்தில் புகார் கொடுங்கள். சாவி வாங்கிய தேதி, கசிவு தொடங்கிய தேதி, ஆள் வந்து பாதியில் விட்ட நாட்கள், புகைப்படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்பீட் போஸ்ட், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்புங்கள். “புயலால் வந்தது” என்று பதில் வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் மழை பெய்யும் என்பது இங்கே கட்டடம் கட்டுகிறவருக்குத் தெரியாதா? வெளியார் சிவில் இன்ஜினியர் ஒருவரிடம் காரணத்தை எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

30 நாளில் அசைவில்லை என்றால், உங்கள் கட்டடம் இந்தச் சட்டப்படி பதிவு பெற்றதானால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். பதிவு தேவைப்படாத சின்னக் கட்டடம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை விலை கொடுத்த வழக்கு அங்கேதான். அங்கே பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கான்ட்ராக்டர் “நாளைக்கு வரேன்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கரைவது இந்த அவகாசம்தான். உங்கள் கசிவு 2024 நவம்பர் கடைசியில் தொடங்கியது என்பதால் எதையும் தள்ளிப்போடாதீர்கள். மழைக்குமுன் அவசரமாக நீங்களே பூச நேர்ந்தால், இரண்டு கொட்டேஷன், பில், வங்கி வழிப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவை இழப்பீட்டில் கேட்கலாம்.

மேஸ்திரியிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர். “இனிமேல் எல்லாம் பில்டர் ஆபீஸ் வழியாகத்தான்” என்று சொன்னால் போதும். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்; சுவர் அவர் வீட்டில் ஊறவில்லை. ஆர்.டி.யை முடித்து, திட்டத்துக்குக் கட்ட நினைத்த 16,500-ஐயும் சேர்த்து அடகுக் கடையில் கட்டுங்கள். மீதி மூவாயிரத்துச் சொச்சத்தையும் அந்த மாத வட்டியையும் அடுத்த சம்பளத்தில் கொடுத்து நகையை மீட்டுவிடலாம்.